அழகான கோயில் எல்லாம் ஏன் கரையிலேயே இருக்கு?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோட்ல நாம இலங்கைக்குப் போறோம். கோயில் பாக்கப் போறோம்.

ரீல்ஸ்ல நீங்க கண்டிப்பா பாத்திருப்பீங்க. கடலுக்கு மேல செங்குத்தா ஒரு பாறை, பாறை உச்சியில ஒரு கோயில், கீழ கண்ணு கூசுற நீலத்துல தண்ணி, பின்னாடி ஒரு புல்லாங்குழல் மியூசிக். அது திருகோணமலையில இருக்கிற திருக்கோணேஸ்வரம். அடுத்து, ஒரு குட்டித் தீவு, படகு கிட்ட வர வர கடலுக்குள்ள இருந்தே எழுந்து வர்ற மாதிரி ஒரு கோபுரம். அது நயினாதீவு நாகபூஷணி அம்மன். இன்னொண்ணு, அலை அடிக்கிற கரைக்கும் ஒரு நல்ல தண்ணிக் குளத்துக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர். அது கீரிமலை.

மூணுமே உண்மையிலேயே அழகு. ரீல்ஸ் பொய் சொல்லல. ஆனா ரீல்ஸ் கேக்காத ஒரு கேள்வி இருக்கு. இவ்வளவு அழகான இடத்துல, சரியா கரையிலேயே, ஏன் கோயில் இருக்கு? அந்த இடத்துல இருந்ததாலேயே அந்தக் கோயிலுக்கு என்ன ஆச்சு? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன். எப்படிப் போறதுன்னும் சொல்றேன், பயப்படாதீங்க.

முதல்ல நான் எங்கேர்ந்து பேசுறேன்னு சொல்லிடறேன். என் ஊர் சேத்தியாத்தோப்பு. கடலூர் மாவட்டம், வெள்ளாத்தங்கரை. பல பேருக்கு அது விக்கிரவாண்டி - தஞ்சாவூர் ரோட்டுல டீ குடிக்க பஸ் நிக்கிற ஊர், அவ்வளவுதான். ஆனா சென்னையில இருந்து கேக்குறவங்களுக்கு ஒரு தகவல்: வீராணம் ஏரித் தண்ணி எங்க ஊர் பம்பிங் ஸ்டேஷன்ல ஏத்திதான் உங்க பக்கம் வருது. அதனால நமக்குள்ள ஏற்கெனவே ஒரு தண்ணி உறவு இருக்கு.

இன்னொரு விஷயம். மேப்பைத் திறந்து சேத்தியாத்தோப்புலேர்ந்து நேரா ஒரு கோடு போட்டுப் பாருங்க. வடக்க சென்னை, தெக்க யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம், 200 கிலோமீட்டருக்குப் பக்கம். நான் வேலை பாக்குறது சென்னையில. மாசத்துக்கு ரெண்டு தடவை ஊருக்குப் போயிட்டு வர்றேன். அதே தூரத்துல, அதே மொழி பேசுற இன்னொரு ஊர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்குன்னு 2025 வரைக்கும் எனக்குத் தோணினதே இல்ல.

அந்த வருஷம் மார்ச்லதான் நானும் அம்மாவும் போனோம். கப்பல்ல. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்னைக்குத் தொடங்கினாங்க. சில நாள்லயே மழைக்காலம் வந்து நின்னுபோச்சு. 2024 ஆகஸ்ட்ல மறுபடி ஓட ஆரம்பிச்சது. சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். வடகிழக்குப் பருவமழை நேரத்துல கடல் கொந்தளிப்பா இருக்கும், சேவையை நிறுத்திடுவாங்க. அதனால நவம்பர்ல பிளான் போடாதீங்க. பாஸ்போர்ட் வேணும். விசா விதிகள் அடிக்கடி மாறுது, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இலங்கை அரசோட தளத்துல ஒரு தடவை பாத்துக்குங்க.

எங்க ஊர்லேர்ந்து நாகப்பட்டினம் போற வழியைச் சொல்றேன், ஏன்னா இந்த எபிசோடுக்கு அந்த வழி முக்கியம். சேத்தியாத்தோப்பு, சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகை.

சிதம்பரம். தில்லை நடராஜர் கோயில். அமைதியான கோயில்னுதான் நமக்குத் தெரியும். ஆனா 18-ஆம் நூற்றாண்டுல அந்தக் கோயில் ஒரு கோட்டையா இருந்தது. பிரெஞ்சுக்காரங்க, ஆங்கிலேயர்கள், ஹைதர் அலி படை, மாத்தி மாத்திப் பிடிச்சு வச்சிருந்தாங்க. ஏன்? உயரமான மதில் ஏற்கெனவே கட்டி ரெடியா இருக்கு, உள்ள குளம் இருக்கு, பக்கத்துல பரங்கிப்பேட்டை துறைமுகம் இருக்கு. படைக்கு வேற என்ன வேணும்? 1781-ல ஐயர் கூட்-ங்கிற ஆங்கிலேயத் தளபதி, ஹைதர் அலியோட ஆளுங்க உள்ள இருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கித் தோத்துப் பின்வாங்கினார். அதுக்கும் நூறு வருஷத்துக்கு முன்னாடி, 17-ஆம் நூற்றாண்டுல, நடராஜரையே பாதுகாப்புக்காக ஊரை விட்டு எடுத்துட்டுப் போய் சுமார் 37 வருஷம் வெளியில வச்சிருந்தாங்க. குடுமியான்மலையில கொஞ்ச காலம், மதுரையில கொஞ்ச காலம்.

சாமியும் ஊரை விட்டுப் போகும், திரும்பி வரும். கோயிலும் கோட்டையாகும், மறுபடி கோயிலாகும். இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்குங்க. கடலுக்கு அந்தப் பக்கம் போனதும் இதுதான் திரும்பத் திரும்ப வரப்போகுது.

அடுத்து சீர்காழி, ஞானசம்பந்தர் பிறந்த ஊர். 7-ஆம் நூற்றாண்டுக்காரர். இலங்கையில ரெண்டு கோயிலை அவர் பாடியிருக்கார்: மன்னார் பக்கத்துல திருக்கேதீஸ்வரம், கிழக்குக் கரையில திருக்கோணேஸ்வரம். ஆனா அவர் அங்க போகல. ராமேஸ்வரத்துல நின்னு, கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தே பாடினார்னு பெரியபுராணம் சொல்லுது. இன்னைக்கு நாம ரீல்ஸ் பாத்து ஏங்குறோம்ல, அதுக்கு 1300 வருஷம் முன்னாடியே ஒருத்தர் போகாம, கரையில நின்னு ஏங்கியிருக்கார்.

சரி, கேள்விக்கு வருவோம். கோயில் எல்லாம் ஏன் கரையில?

இலங்கையில பஞ்ச ஈஸ்வரங்கள்னு அஞ்சு சிவன் கோயிலைச் சொல்வாங்க. வடக்க கீரிமலை நகுலேஸ்வரம். வடமேற்குல மாதோட்டம்ங்கிற பழைய துறைமுகத்துல கேதீஸ்வரம். மேற்குல சிலாபத்துப் பக்கம் முன்னேஸ்வரம். தென்கோடி முனையில தொண்டேஸ்வரம். கிழக்க கோணேஸ்வரம். மேப்ல அஞ்சு புள்ளி வச்சுப் பாத்தீங்கன்னா தீவைச் சுத்திக் கரையோரமா ஒரு வளையம் மாதிரி வரும். பெரும்பாலும் கப்பல் வந்து நிக்கிற இடங்கள். வியாபாரி வர்றான், மாலுமி வர்றான், கரை தெரிஞ்சதும் கும்பிடணும், போகும்போது வேண்டிக்கணும். உயரமான பாறையில ஒரு கோயில் இருந்தா கடல்ல இருந்தே அடையாளம் தெரியும். நாம இன்னைக்கு 'வியூ'ன்னு சொல்றது, அவங்களுக்கு வழிகாட்டி.

அதே காரணம்தான் பின்னாடி வினையா முடிஞ்சது. 16-ஆம் நூற்றாண்டுல போர்ச்சுகீசியர் வந்தப்ப அவங்களுக்கும் துறைமுகம்தான் வேணும். கடலைப் பாக்குற மாதிரி உயரமான இடம்தான் வேணும். அங்க ஏற்கெனவே கோயில் இருந்தது. கூடவே, மதமும் இருந்தது, கோயில் செல்வமும் இருந்தது. 1570-களில் தொடங்கி 1620-கள் வரைக்கும், ஏறக்குறைய அம்பது வருஷத்துல, அந்த அஞ்சு கோயிலும் இடிக்கப்பட்டது. எங்க வெள்ளாறு கடல்ல கலக்குற இடத்துல பரங்கிப்பேட்டைன்னு ஒரு ஊர் இருக்கே, அந்தப் பேர்ல இருக்கிற பறங்கியும் இவங்கதான். இந்தக் கரைக்கு வந்தவங்கதான் அந்தக் கரைக்கும் போயிருக்காங்க.

இப்போ எங்க அம்மாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். எந்தக் கோயிலுக்குப் போனாலும் அம்மா சாமி கும்பிட்டு முடிச்சதும் நேரா போய் நிக்கிறது சுவத்துல பதிச்ச கல்வெட்டு முன்னாடி. பழைய சோழர் கல்வெட்டு கிடையாது. "இத்திருக்கோயில் கும்பாபிஷேகம் நடைபெற்ற நாள்", கீழ உபயதாரர் பேர் லிஸ்ட், அந்தக் கல்லு. அதை ஒரு வரி விடாம படிப்பாங்க. எனக்கு எரிச்சலா இருக்கும், "என்னம்மா இதுல இருக்கு?"ன்னு கேட்டிருக்கேன். "பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம் பண்ணணும்டி. நடுவுல விட்டுப்போயிருந்தா அந்த ஊர்ல ஏதோ நடந்திருக்குன்னு அர்த்தம். பஞ்சமா இருக்கும், சண்டையா இருக்கும், கேஸா இருக்கும்"னாங்க. இலங்கையில நான் கோயில் பாத்தது அம்மாவோட இந்தக் கணக்கை வச்சுதான்.

முதல் இடம் கீரிமலை. காங்கேசன்துறையில இறங்கினா பக்கத்துலதான். நகுலம்னா கீரி. கீரி முகம் வாய்ச்ச நகுல முனிவர் இங்க வந்து தீர்த்தமாடி முகம் சரியாச்சுன்னு தலபுராணம். இன்னொரு கதையும் இருக்கு: குதிரை முகத்தோட வந்த மாருதப்புரவீகவல்லிங்கிற சோழ இளவரசி இங்க குளிச்சுச் சரியாகி, பக்கத்துல மாவிட்டபுரத்துல முருகனுக்குக் கோயில் கட்டினாள்னு சொல்வாங்க. மா விட்ட புரம், குதிரை முகம் விட்ட ஊர். நம்ம சோழ நாட்டுப் பொண்ணு வைத்தியத்துக்குக் கடல் தாண்டிப் போயிருக்கா, கதையில.

அந்தக் குளம்தான் அதிசயம். பத்தடி தள்ளி உப்புக்கடல் அலை அடிக்குது. சுவருக்கு இந்தப் பக்கம் நல்ல தண்ணி ஊறுது. யாழ்ப்பாணம் முழுக்க சுண்ணாம்புப் பாறை. மழைத் தண்ணி பாறை வெடிப்பு வழியா இறங்கி, நிலத்துக்கடியிலேயே ஓடி, கரையோரத்துல ஊத்தா வெளிய வருது. ஆண்களுக்குத் திறந்த குளம், பெண்களுக்குச் சுத்துச் சுவர் வச்ச தனிக் குளம். ஆடி அமாவாசைக்கு முன்னோர் கடன் கழிக்கப் பெரிய கூட்டம் வரும்.

கோயிலுக்கு வருவோம். போர்ச்சுகீசியர் இடிச்சதை 19-ஆம் நூற்றாண்டுல திரும்பக் கட்ட முயற்சி எடுத்தவங்கள்ல முக்கியமானவர் ஆறுமுக நாவலர். அவரும் எங்களுக்கு அந்நியர் இல்ல. 1864-ல சிதம்பரத்துல சைவப்பிரகாச வித்தியாசாலைன்னு பள்ளிக்கூடம் தொடங்கினவர். அப்படி எழுந்த நகுலேஸ்வரம் 1990 அக்டோபர்ல விமானக் குண்டுவீச்சுல சேதமாச்சு. சுத்து வட்டாரம் உயர் பாதுகாப்பு வலயமாச்சு. ஊர் ஜனங்க எல்லாரும் வெளியேறினாங்க. அதுக்கப்புறம் திருப்பணி நடந்து கும்பாபிஷேகம் ஆனது 2012-ல. அம்மாவோட கணக்குல போட்டுப் பாருங்க, அந்த இடைவெளி என்ன சொல்லுதுன்னு.

கோயில் வாசல்ல தேங்கா பழம் விக்கிற ஒரு அம்மா, அறுபது வயசுக்கு மேல இருக்கும். நாங்க பேசுறதைக் கேட்டதும், "இந்தியாவிலயிருந்தோ வாறியள்? எவடம்?"னு கேட்டாங்க. "சிதம்பரம் பக்கம்"னு சொன்னோம். சேத்தியாத்தோப்பு சொன்னா தெரியாதுல்ல. சிதம்பரம்னதும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. அப்புறம் அவங்களாவே பேசினாங்க.

"நாங்கள் தொண்ணூறாம் ஆண்டு வெளிக்கிட்டனாங்கள், பிள்ளை. இருவது வருசத்துக்குப் பிறகுதான் திரும்பி வந்தனாங்கள். வீடு இல்லை. மரமெல்லாம் பத்தையாக் கிடந்தது. கிணறு மட்டும் இருந்தது."

நான் என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னேன். அம்மா கேட்டாங்க: "கிணத்துல தண்ணி இருந்துச்சாக்கா?"

"ஓம், இருந்தது. நல்ல தண்ணி. உப்பு இல்லை."

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் தண்ணியைப் பத்தியே பேசினாங்க. எவ்வளவு ஆழம், கோடையில வத்துமா, எறைக்க மோட்டாரா கையா. எங்க பக்கத்துல வீடு வாங்குறவங்க, பொண்ணு கொடுக்குறவங்க கேக்குற முதல் கேள்வியும் அதுதான். எங்க பக்கத்துல நெய்வேலி இருக்கு. 1950-களில் இருந்து பழுப்பு நிலக்கரிக்காக ஊர் ஊரா இடம் மாறியிருக்காங்க. போர் வேற, சுரங்கம் வேற, ரெண்டையும் நான் ஒண்ணுன்னு சொல்லல. ஆனா ஊர் கிளம்பினா குலதெய்வம் எங்க போகும், பொங்க வைக்க எந்த இடத்துக்குப் போறதுங்கிற கேள்வி எங்க மாவட்டத்துல நிறைய வீட்டுல பேசின கேள்வி. அதனாலதான் அம்மாவுக்கு அந்தக் கேள்வி தானா வந்ததுன்னு நினைக்கிறேன். போரைப் பத்தி அவங்க ஒரு வார்த்தை கேக்கல. ஆனா அந்த அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க.

ரெண்டாவது இடம் நயினாதீவு. யாழ்ப்பாணத்துலேர்ந்து பஸ். கடலுக்கு நடுவுல போட்ட ரோட்டுல வேலணை, புங்குடுதீவு தாண்டி குறிகாட்டுவான் இறங்குதுறை. ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவுல பஸ், அந்தப் பயணமே தனி அனுபவம். அங்கேர்ந்து படகு, இருபது நிமிஷத்துக்குள்ள. படகுல வெள்ளை உடுப்பு போட்ட சிங்கள யாத்திரிகர்கள் நிறைய பேர் இருந்தாங்க. ஏன்னா அந்தக் குட்டித் தீவுல நாகபூஷணி அம்மன் கோயிலும் இருக்கு, கொஞ்ச தூரத்துலேயே நாகதீப விகாரையும் இருக்கு.

இப்ப கவனிங்க. ரெண்டு நாக அரசர்கள் ஒரு ஆசனத்துக்காகச் சண்டை போட்டாங்க, புத்தர் வந்து சமாதானம் பண்ணினார், அது நடந்த இடம் இதுன்னு பௌத்தர்கள் நம்புறாங்க. சிங்கள மரபுல மகாவம்சத்துல வர்ற கதை. அதே கதை நம்ம மணிமேகலையிலயும் இருக்கு. புகார்லேர்ந்து மணிமேகலா தெய்வம் மணிமேகலையைத் தூக்கிட்டுப் போய் விடுற மணிபல்லவத் தீவுல, ரெண்டு நாக அரசர்கள் சண்டை போட்ட அதே பீடிகை. அங்கதான் அவளுக்கு அமுதசுரபி கிடைக்குது. அந்த மணிபல்லவம் இந்த நயினாதீவுதான்னு பல ஆய்வாளர்கள் சொல்றாங்க. அம்மன் கோயில் அன்னதான மண்டபத்துக்குப் பேரே அமுதசுரபி. நாங்க அங்கதான் மத்தியானம் சாப்பிட்டோம். சோறு, பருப்பு, ரெண்டு கறி. பக்கத்துல ஒரு சிங்களக் குடும்பம் உக்காந்து சாப்பிட்டுச்சு. பரிமாறினவர் ரெண்டு மொழியிலயும் "இன்னும் வேணுமா"ன்னு கேட்டுட்டே போனார்.

அந்தக் கோயில்ல இன்னொரு பொக்கிஷம் இருக்கு. 12-ஆம் நூற்றாண்டு கல்வெட்டு. பொலன்னறுவையில ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வெட்டினது. சிங்கள அரசன், ஆனா கல்வெட்டு தமிழ்ல. விஷயம், கப்பல் உடைஞ்சா என்ன செய்யணும்ங்கிற சட்டம். யானை, குதிரை ஏத்தி வந்த கப்பல் உடைஞ்சா நாலுல ஒரு பங்கு அரசுக்கு, மீதி உரிமையாளருக்கு. மத்த சரக்குக் கப்பல்னா பாதி பாதி. வெளிநாட்டு வியாபாரிகளுக்குப் பாதுகாப்பு கொடுக்கணும்னும் சொல்லுது. துறைமுகத்துல புழங்குறவங்களுக்குப் புரியுற மொழியில போர்டு வைக்கணும்ங்கிற அறிவு 12-ஆம் நூற்றாண்டுலயே இருந்திருக்கு. [சிரிப்பு] கரையில கோயில் ஏன் இருக்குன்னு கேட்டோமே, அதுக்குக் கல்லுல எழுதின பதில் இதுதான். கப்பல் இருந்தது, அதனால கோயில் இருந்தது.

இந்த அம்மன் கோயிலும் போர்ச்சுகீசியர் காலத்துல இடிஞ்சு, 18-ஆம் நூற்றாண்டுல எழுந்தது. 1958-லயும் 1986-லயும் தாக்கப்பட்டிருக்கு. இன்னைக்கு நீங்க படகுல இருந்து போட்டோ எடுக்குற கோபுரம் இவ்வளவையும் தாண்டி நிக்கிற கோபுரம்.

மூணாவது, திருக்கோணேஸ்வரம். யாழ்ப்பாணத்துலேர்ந்து பஸ்ல ஆறேழு மணி நேரம். கோயிலுக்குள்ள போறதுக்கு முன்னாடி நீங்க ஒரு கோட்டை வாசலைத் தாண்டணும். பிரெட்ரிக் கோட்டை. 1622-ல போர்ச்சுகீசியத் தளபதி கான்ஸ்டன்டைன் டி சா கோயிலை இடிச்சு, அந்தக் கல்லை வச்சே கட்டின கோட்டை. அன்னைக்குத் தமிழ் வருஷப் பிறப்பு, சாமி ஊர்வலம் வெளிய போன நேரத்துல வேஷம் போட்டு உள்ள நுழைஞ்சாங்கன்னு செவிவழிச் செய்தி. கோட்டை வாசல் கல்லுல பாண்டியரோட இரட்டை மீன் சின்னத்தை இன்னைக்கும் பாக்கலாம். கோயில் கல்லு, கோட்டைச் சுவர்ல. அப்புறம் டச்சுக்காரங்க, பிரெஞ்சுக்காரங்க, ஆங்கிலேயர்கள், இப்போ இலங்கை இராணுவம். நாலு நூற்றாண்டா அந்தப் பாறையில யாரோ ஒரு படை இருந்துட்டே இருக்கு. அங்கேர்ந்து துறைமுகம் முழுக்கத் தெரியுதே, யார் விடுவாங்க? உள்ள புள்ளி மான்கள் சர்வ சாதாரணமா நடமாடுது. மான், பீரங்கி மேடை, இராணுவ முகாம், அப்புறம் கோயில். இந்த வரிசையை வேற எங்கயும் நான் பாத்ததில்ல.

கோயிலே இல்லாத காலத்துல என்ன பண்ணினாங்க? 19-ஆம் நூற்றாண்டுல அங்க போன ஐரோப்பியர்கள் எழுதி வச்சிருக்காங்க: ஜனங்க பாறை விளிம்புல நின்னு, தீபம் காட்டி, பூவையும் பழத்தையும் கீழ கடல்ல போட்டுக் கும்பிடுவாங்கன்னு. கட்டடம் இல்ல, சிலை இல்ல, பாறையும் கடலும் மட்டும். அதைத்தான் கும்பிட்டிருக்காங்க. இன்னொரு பக்கம், சாமியை எடுத்துட்டுப் போனவங்க உள்நாட்டுல தம்பலகாமத்துல ஆதி கோணநாயகரா வச்சு வழிபட்டாங்க.

அப்புறம் ஒவ்வொண்ணா திரும்பி வந்தது. 1950-ல பக்கத்துல கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ள இருந்து பழைய செப்புத் திருமேனிகள் கிடைச்சது. யாரோ ஒருத்தர், எப்பயாவது எடுத்துக்கலாம்னு புதைச்சு வச்சது. 1956-ல அந்தப் பாறைக்குக் கீழ கடலுக்குள்ள முங்கிப் பாத்த மைக் வில்சன், கோயில் தூண்களும் கற்களும் கிடக்குறதைப் பாத்தார். அவரோட கூட்டாளி யார் தெரியுமா? ஆர்தர் சி. கிளார்க். ஆமா, '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' எழுதின அதே ஆளு. கடல்லேர்ந்து ஒரு லிங்கமும் மேல வந்தது. 1963-ல கும்பாபிஷேகம். 1622-லேர்ந்து 1963. 341 வருஷம்.

அம்மா விரல் விட்டு எண்ணிப் பாத்தாங்க. "பன்னெண்டு வருஷக் கணக்குல இருபத்தெட்டு கும்பாபிஷேகம் நடந்திருக்கணும்டி"ன்னாங்க. கொஞ்சம் கழிச்சு, "இருபத்தெட்டு தலைமுறைன்னு இல்ல, ஆனாலும் பத்துப் பதிமூணு தலைமுறை வெறும் பாறையைக் கும்பிட்டிருக்கு"ன்னாங்க. அப்புறம் விளிம்புக் கம்பிகிட்ட போய், கோயிலைப் பாக்காம கடலைப் பாத்துக் கும்பிட்டாங்க. நான் அப்போ போனைக் கையில வச்சிருந்தேன். வீடியோ எடுத்தேன். அம்மா எதுவும் சொல்லல. அந்த வீடியோ நல்லா வந்திருக்கு, எனக்கு ரொம்பப் பிடிக்கும். மார்ச், ஏப்ரல்ல அந்தப் பாறையில நின்னே நீலத் திமிங்கலத்தைப் பாக்கலாம்னு சொல்வாங்க. எங்களுக்குக் கிடைக்கல.

வியூ பாக்குறது தப்புன்னு சொல்ல இந்த எபிசோட் இல்ல. அந்த வியூதான் கதை. துறைமுகம் தெரியுற இடம்ங்கிறதால கோயில் வந்தது, அதே காரணத்துக்காகக் கோட்டை வந்தது, முகாம் வந்தது. அந்தக் கதை முடிஞ்சும் போகல. கோணேஸ்வரத்தைச் சுத்தி எதைக் கட்டலாம், கடைகள் எங்க இருக்கலாம்னு சமீப வருஷங்கள்லயும் கோயில் தரப்புக்கும் அரசுத் துறைகளுக்கும் இழுபறி செய்தியா வந்துட்டுதான் இருக்கு. வடக்க இன்னும் தங்கள் காணிக்காகக் காத்திருக்கிற குடும்பங்கள் இருக்காங்க. நாம ரெண்டு நாள் போட்டோ எடுத்துட்டு வந்துடுவோம். அவங்க அங்கயே இருக்காங்க.

அப்போ நாம எப்படிப் போறது? எனக்குத் தெரிஞ்ச சில நடைமுறை விஷயங்கள் சொல்றேன்.

ஒண்ணு, யாழ்ப்பாணத்துக் கோயில்கள்ல ஆண்கள் சட்டையைக் கழட்டிட்டுதான் உள்ள போகணும். நல்லூர் கந்தசுவாமி கோயில்ல யாரா இருந்தாலும் இதே விதிதான். அங்க அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய், பெரிய மனுஷன் சின்ன மனுஷன் வித்தியாசம் இல்ல. வேட்டி ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. பெண்கள் புடவை, சுடிதார்.

ரெண்டு, முகாம், காவல் சாவடி, கடற்படைப் படகு இதையெல்லாம் படம் எடுக்காதீங்க. அனுமதி இல்லாம டிரோன் வேண்டவே வேண்டாம்.

மூணு, பேச்சு. அங்க வயசுல சின்னவங்களையும் "நீங்கள்", "வாங்கோ", "இருங்கோ"ன்னுதான் பேசுறாங்க. நம்ம ஊர் வேகத்துல "என்னாப்பா"ன்னு ஆரம்பிக்காதீங்க. "சண்டையப்போ நீங்க எங்க இருந்தீங்க?"ன்னு எடுத்த எடுப்புல கேக்காதீங்க. சினிமா பாத்துத் தெரிஞ்சுக்கிட்ட கருத்தை அவங்ககிட்ட போய் விளக்காதீங்க. எங்க அம்மா மாதிரி கிணத்தைப் பத்திக் கேளுங்க, மழையைப் பத்திக் கேளுங்க. சொல்ல விருப்பம் இருந்தா அவங்களே சொல்வாங்க. சொல்லலன்னாலும் நமக்கு எந்த உரிமையும் கிடையாது.

நாலு, தேங்கா பழத்தைக் கோயில் வாசல்லயே வாங்குங்க. தங்குறதுக்கு, ஆட்டோவுக்கு, சாப்பாட்டுக்கு அந்த ஊர்க்காரங்ககிட்டயே காசு போற மாதிரி பாத்துக்குங்க. திரும்பி வந்து கட்டின வீட்டு வாசல்ல ஒரு கடைன்னா, அது வெறும் கடை கிடையாது.

அஞ்சு, காலம். திருகோணமலைக்கு ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் நல்ல நேரம், கடல் அமைதியா இருக்கும். நல்லூர் திருவிழா 25 நாள், ஆகஸ்ட் ஒட்டி வரும். அப்போ யாழ்ப்பாணத்துல ரூம் கிடைக்கிறது கஷ்டம், முன்னாடியே சொல்லி வைங்க.

கடைசியா ஒரு வீட்டுப்பாடம். இலங்கைக்குப் போனாத்தான்னு இல்ல. இந்த வாரம் உங்க ஊர்க் கோயிலுக்கோ, சென்னையில உங்க தெருவுல இருக்கிற அம்மன் கோயிலுக்கோ போங்க. அந்தக் கும்பாபிஷேகக் கல்லை ஒரு தடவை முழுசா படிங்க. தேதிகளுக்கு நடுவுல பெரிய இடைவெளி இருந்தா, அந்த நேரத்துல என்ன நடந்துச்சுன்னு அங்க இருக்கிற வயசானவங்க யார்கிட்டயாவது கேளுங்க. அவங்க சொன்னதை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நல்லா இருக்கிறதை அடுத்த எபிசோட்ல போடுறேன்.

சேத்தியாத்தோப்புல எங்க தெரு மாரியம்மன் கோயில் கல்லுல ஒரு இருபத்திரண்டு வருஷ இடைவெளி இருக்கு. அம்மாகிட்ட கேட்டேன். "அது பெரிய கதை, உக்காந்து கேளு"ன்னாங்க. அதை இன்னும் ரெக்கார்ட் பண்ணல. பண்ணிட்டு வர்றேன்.